பள்ளிக் கணினி ஆய்வகத்தில் பழுது: அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடும் வழிமுறை

தமிழ்நாட்டின் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ‘ஹைடெக் லேப்’ என்று எல்லோரும் அழைக்கும் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்த பிறகு, அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெரும்பாலும் கணினி அறிவியல் ஆசிரியர் மீதோ, அவர் இல்லாத பள்ளியில் ‘உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே’ என்று சொல்லப்பட்ட வேறொருவர் மீதோ விழுகிறது. பழுது ஏற்பட்டால் புகார் எண் பெற்றுக்கொண்டு சேவைப் பொறியாளர் வரும்வரை காத்திருப்பதே நடைமுறை. அந்தக் காத்திருப்பில் பாதியையாவது குறைக்க இக்குறிப்பு உதவும். நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை கணினிக்குள் இருந்தவையல்ல. சுவரிலும் தரையிலும் கேபிளிலும் இருந்தவை. ஆகவே எந்த அறிகுறியானாலும் முதலில் சுவரைப் பாருங்கள். பெட்டியின் திருகைக் கழற்றுவது கடைசி வேலை.

கணினியின் உலோகப் பெட்டியைத் தொட்டால் ‘சுருக்’ என்கிறது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், மற்றப் பழுதுகள் பாடவேளையைத்தான் கெடுக்கும், இதுவோ உயிரைக் கெடுக்கக்கூடும். தூசி வராமலிருக்கச் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வரச்சொல்வது நம் ஆய்வகங்களில் வழக்கம் என்பதால், வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நிற்கும் பிள்ளைகளே இதை முதலில் உணர்வார்கள். காலணியோடு உள்ளே வரும் ஆசிரியர் தொட்டுப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லையே’ என்பார். பிள்ளைகள் சொல்வதை நம்புங்கள்.

காரணம் ஏறத்தாழ எப்போதும் எர்த் இணைப்பு இல்லாமைதான். கணினியின் மின்வழங்கியில், அதாவது எஸ்எம்பிஎஸ்ஸில், இரைச்சலை வடிகட்டுவதற்காகப் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோகப் பெட்டிக்கு ஒவ்வொரு சிறு மின்தேக்கி இணைக்கப்பட்டிருக்கும். எர்த் சரியாக இருந்தால் அவற்றின் வழியாகக் கசியும் மிகச்சிறு மின்னோட்டம் தரைக்குப் போய்விடும். எர்த் அறுந்திருந்தால் பெட்டி 230 வோல்ட்டில் பாதியளவு, ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதந்துகொண்டிருக்கும். ஒரு கணினியின் கசிவு ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவாக இருப்பதால் சுருக்கென்பதோடு நின்றுவிடும். ஆனால் 20 கணினிகளின் எர்த் கம்பிகள் ஒன்றாகச் சேர்ந்து, அந்தப் பொதுக்கம்பி தரையை அடையாமல் அந்தரத்தில் தொங்கினால் எல்லாக் கசிவும் கூடி, தொட்ட ஒருவர் வழியாகவே தரைக்கு இறங்கப் பார்க்கும். உண்மையான மின்கசிவு ஒரு கணினியில் ஏற்பட்டாலும், மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் எம்சிபி விழாது. பெட்டி முழு 230 வோல்ட்டில் நிற்கும்.

கண்டறியும் முறை எளிது. மல்டிமீட்டரை மாறுதிசை மின்னழுத்த அளவில் வைத்து, மூன்று துளைப் பிளக் பாயிண்டில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கும்போது பேஸ்–நியூட்ரல் அளவுக்கு நெருக்கமான எண் வரவேண்டும்; நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. எண்கள் இப்படி அமையவில்லை என்றால் அந்த வரிசையின் மின்சாரத்தை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை எழுப்பிவிடுங்கள். அதன்பின் உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. அவர் வருவதற்குள் நீங்கள் பார்க்கக்கூடியவை இரண்டு. மூன்று முனைப் பிளக்கை இரண்டு துளை எக்ஸ்டென்ஷனில் நுழைப்பதற்காக எர்த்துக்கு உரிய தடித்த முனையை யாராவது உடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். தேர்தலுக்குப் பள்ளி வாக்குச்சாவடியாகி, அறை கைமாறித் திரும்பும் நாட்களில் இப்படிப்பட்ட கைவேலைகள் நடந்திருக்கும். அடுத்து, எர்த் குழியைத் தேடுங்கள். கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கிய அந்தக் குழி கோடையில் வறண்டால் எர்த் பலவீனமாகும் என்பதால், ஏப்ரல் மாதத்தில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது பயனுள்ள பழக்கம். குழி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை என்றால் அதுவே கண்டுபிடிப்பின் பாதி.

மின்சாரம் நின்ற மறுநொடியே எல்லாக் கணினிகளும் அணைகின்றன

யுபிஎஸ் மின்சாரத்தைக் கடத்துகிறது, ஆனால் சேமித்துத் தருவதில்லை என்பதே இதன் பொருள், குறை பேட்டரியில். ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக நேர்திசை அளவில் சோதியுங்கள். முழுமையாக மின்னேற்றப்பட்டு ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் ஈய–அமிலப் பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். அதனுள் இரண்டிரண்டு வோல்ட்டாக ஆறு அறைகள் இருப்பதால், மற்றவை 12.6 காட்ட ஒன்று மட்டும் 10.5 அளவில் நின்றால் அதில் ஓர் அறை செத்துவிட்டது என்று அறியலாம். தொடர்வரிசையில் கோத்த பேட்டரிகளில் ஒன்று கெட்டாலும் முழு வரிசையும் கெட்டதுபோலவே நடந்துகொள்ளும். ‘நான்கும் போச்சு’ என்று எழுதிக் கொடுப்பதற்கு முன் இந்த அளவீட்டைச் செய்தால் பள்ளியின் பணம் மிஞ்சலாம், ஆனால் மிகப் பழைய வரிசையில் ஒன்றை மட்டும் புதிதாகச் சேர்த்தால் புதியதும் விரைவில் தளர்ந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பேட்டரிகள் இப்படிச் சாவது பெரும்பாலும் மே மாதத்தில். விடுமுறைக்குப் பூட்டும்போது மெயினை அணைத்துவிட்டு யுபிஎஸ்ஸை அப்படியே விட்டுவிட்டால், அது பேட்டரியை அடிவரை உறிஞ்சிவிடும். வெறுமையாகவே வாரக்கணக்கில் கிடக்கும் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். ஆகவே, பூட்டுவதற்கு முன் முழுமையாக மின்னேற்றி, யுபிஎஸ்ஸை அணைத்து, பேட்டரி இணைப்பையும் துண்டித்துவிட வேண்டும். தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரியானால் காய்ச்சி வடித்த நீரைத் தவிர வேறெதையும் ஊற்றக்கூடாது. உப்பு ஏறிய ஆழ்துளைக் கிணற்று நீர் பேட்டரிக்கு நஞ்சு.

பிரிண்ட் கொடுக்கும்போதெல்லாம் யுபிஎஸ் கத்துகிறது என்றால் லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் செருகியிருக்கிறார்கள். மையைத் தாளில் உருக்கி ஒட்டும் உருளை சூடாகும்போது அது சட்டென்று இழுக்கும் மின்சாரத்தை யுபிஎஸ் தாங்காது. அதை நேரடி மின்சாரத்துக்கு மாற்றுங்கள்.

விடுமுறைக்குப் பின் கணினி உயிர் பெறவில்லை

மின்விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை, ‘பீப் பீப்’ என்ற ஒலி மட்டும் வருகிறது என்றால் முதலில் கணினியின் தற்காலிக நினைவகமான ரேமைச் சந்தேகியுங்கள். மின்கம்பியைப் பிடுங்கி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னை இறக்கியபின், ரேம் பலகையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மென்மையாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மீண்டும் பொருத்தினால் பல கணினிகள் எழுந்துவிடும். கடற்கரையோரப் பள்ளிகளில் இந்த வேலை அடிக்கடி தேவைப்படும்.

இணையம் வருகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை

‘இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்ற எச்சரிக்கை எல்லாத் தளங்களிலும் வந்தால், வைரஸ் என்று பதறுவதற்கு முன் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பாதுகாப்பான தளங்கள் ஒவ்வொன்றும் இந்தத் தேதி முதல் இந்தத் தேதிவரை செல்லும் என்று குறிக்கப்பட்ட சான்றிதழைக் காட்டுகின்றன. கணினி தன்னைப் பல ஆண்டுகள் பின்னால் இருப்பதாக எண்ணிக்கொண்டால் எல்லாச் சான்றிதழ்களும் இன்னும் பிறக்காதவையாகத் தோன்றும். தேதியைத் திருத்தினால் அன்றைக்குச் சரியாகும். மறுநாள் காலை மீண்டும் பழைய தேதிக்கே திரும்பினால், தாய்ப்பலகையில் இருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். இதற்காக விண்டோஸை முழுவதும் அழித்து மறுபடி நிறுவி, பள்ளிக் கோப்புகளையும் இழந்தவர்களை நான் அறிவேன்.

சில கணினிகளுக்கு மட்டும் இணையம் இல்லை. அல்லது திடீரென்று எதற்குமே இல்லை

சில கணினிகளுக்கு மட்டும் என்றால் கேபிளைப் பாருங்கள். வேலை செய்யும் கணினியின் கேபிளை இதில் செருகிச் சோதித்தால் குற்றம் கேபிளிலா கணினியிலா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வலையமைப்பில் கணினியை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், அது முகவரி கேட்டுக் குரல் கொடுத்தது, பதில் வரவில்லை, தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். கேபிளோ, எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்ச்சோ, ரவுட்டரோ இடையில் பழுதாகியிருக்கிறது. சத்துணவுக் கூடத்துக்கு அருகில் ஆய்வகம் இருந்தால் எலிக் கடியைத் தேடுங்கள். கேபிளை மேசைக்குக் கீழே தரையில் விடாமல் சுவரோரமாகப் பிவிசி குழாய்க்குள் விடுவதே நிலையான தீர்வு. ஈதர்நெட் கேபிள் 100 மீட்டருக்கு மேல் நீளக்கூடாது என்பதால், தலைமையாசிரியர் அறையில் இருக்கும் ரவுட்டரிலிருந்து மைதானத்தைச் சுற்றி ஆய்வகத்துக்குக் கேபிள் இழுத்த பள்ளிகளில் பழுது வந்து வந்து போகும்.

எல்லாக் கணினிகளும் ஒரே நொடியில் இணையத்தை இழந்து, சுவிட்ச்சின் விளக்குகள் அத்தனையும் வெறிபிடித்ததுபோல் ஒருசேரச் சிமிட்டினால், அது வேறு கதை. தொங்கிக்கொண்டிருந்த கேபிள் முனையைக் கண்ட யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு அதே சுவிட்ச்சில் செருகியிருப்பார். ஒரு கேபிளின் இரு முனைகளும் ஒரே சுவிட்ச்சில் சேர்ந்தால் செய்தி வெளியேற வழியின்றி வட்டமடித்துப் பெருகி எல்லாவற்றையும் அடைத்துவிடும். கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வாருங்கள். எந்த ஒன்றைப் பிடுங்கியதும் சிமிட்டல் தணிகிறதோ அதுவே குற்றவாளி. ஆய்வகத்தைப் பெருக்கித் துடைக்கும் வாரங்களில் இது கூடுதலாக நிகழும்.

சில ஆய்வகங்களில் மேசை மீதிருப்பவை முழுக் கணினிகள் அல்ல, ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் முனையங்கள். அங்கே இருபது திரையும் ஒன்றாக உறைந்தால் இருபதையும் அணைத்துப் பயனில்லை. சர்வர் ஒன்றை முறைப்படி அணைத்து எழுப்பினால் போதும்.

காணொளி சுற்றிக்கொண்டே இருக்கிறது

இங்கே பழுது எதுவும் இல்லை, கணக்குத்தான் தவறு. நடுத்தரத் தரத்தில் ஒரு பாடக் காணொளி ஓடுவதற்கு நொடிக்கு ஒரு மெகாபிட்டுக்கு மேல் வேண்டும். இருபது பேர் ஒரே காணொளியை ஒரே நேரத்தில் திறந்தால் அது இருபது மடங்காகிறது, அதற்கிடையே விண்டோஸ் புதுப்பிப்புகளும் பின்னணியில் இறங்கிக்கொண்டிருக்கும். பாடவேளையில் இணைய வேகத்தோடு போராடுவதைவிட, முந்தைய நாள் மாலையிலேயே தேவையானதைத் தரவிறக்கி, ஒரு கணினியில் பகிர்வு உறையில் வைத்துவிடுவது மேல். 2017இல் ஒன்றிய அரசு தொடங்கிய தீக்‌ஷா செயலி, பாடங்களை இறக்கி இணையமின்றிப் பார்க்க இடமளிக்கிறது. விக்கிப்பீடியாவை, தமிழ் விக்கிப்பீடியா உட்பட, முழுவதுமாக ஒரு பென்டிரைவில் கொண்டுவந்து படிக்கக் கிவிக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. இணைய இணைப்பே வராத மலைப்பள்ளிகளுக்கு என்று இவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. ஊருக்குள் இருக்கும் பள்ளிக்கும் இதுவே சிக்கனம்.

இதோடு சேர்ந்தது, பாடநூலின் கியூஆர் குறியீடு. 2018இல் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்கு வந்த புதிய பாடநூல்களிலிருந்து இக்குறியீடுகள் அச்சாகின்றன. கைமாறிக் கசங்கிய புத்தகத்தில் கேமரா அதைப் படிக்கவில்லை என்றால், குறியீட்டுக்கு அடியில் உள்ள ஆறு எழுத்தெண்களைத் தீக்‌ஷாவின் தேடலில் தட்டினாலே பாடம் வந்துவிடும். ஆசிரியர்களில் பலர் அந்த ஆறு எழுத்தெண்களைக் கவனித்ததே இல்லை.

தமிழ்க் கோப்பைத் திறந்தால் குப்பையாகத் தெரிகிறது

நம் பள்ளிகளுக்கே உரிய பழுது இது. இந்தப் பழுதைக் கண்ணால் பார்த்தே வகைபிரிக்கலாம்.

ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே அரைப்புள்ளிக் குறி அடிக்கடி வந்தால், கோப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டது. அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு உரிய இடத்தில் உட்கார்ந்திருப்பது அரைப்புள்ளி. தலையில் கொம்பும் கூரையும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால், அலுவலகங்களில் பரவலாக இருந்த வானவில் போன்ற எழுத்துருக்களில் ஒன்றாக இருக்கும். இரண்டிலும் கோப்பு கெடவில்லை. கணினியைப் பொறுத்தவரை அதில் தமிழே இல்லை, ஆங்கில எழுத்தின்மேல் தமிழ் முகமூடி மட்டும் மாட்டப்பட்டிருந்தது. உரிய எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம். ஆனால் தேடுவதும் வரிசைப்படுத்துவதும் சரியாக வராது; மின்னஞ்சலில் அனுப்பினால் அந்த எழுத்துரு இல்லாதவருக்குக் குப்பையாகவே தெரியும். எனவே எழுத்துரு மாற்றியைக் கொண்டு ஒருங்குறிக்கு, அதாவது யூனிகோடுக்கு, மாற்றிவிட்டு, எண்களும் நிறுத்தக்குறிகளும் இடம்மாறாமல் இருக்கின்றனவா என்று ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள். அரசுப் பயன்பாட்டுக்கு ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு 2010இலேயே தரமாக அறிவித்துவிட்டது. அதற்குப் பின்னும் கேள்வித்தாள் மட்டும் பழைய எழுத்துருவில் சுற்றிக்கொண்டிருப்பதற்கு, வருடாவருடம் அதே கோப்பில் தேதியை மாற்றி அச்சடிக்கும் பழக்கம் அன்றி வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

எழுத்துகள் தமிழாகத்தான் இருக்கின்றன, ஆனால் ஆங்காங்கே புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் முளைக்கிறது என்றால் தட்டச்சு வரிசை தவறு. தட்டச்சுப்பொறியில் பழகிய கை, கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பிறகு அடிக்கும். ஒருங்குறியிலோ எழுத்து முதலில், உயிர்க்குறி பிறகு. தாங்க எழுத்தில்லாத உயிர்க்குறிதான் அந்த வட்டத்தைத் தாங்கி நிற்கிறது. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் மெய்யையும் உயிரையும் ஒலிக்கும் வரிசையிலேயே தட்டுவதால் இத்தவறு நேர வழியில்லை; விண்டோஸ் 10இன் பிந்தைய பதிப்புகளிலும், கட்டற்ற இயங்குதளமான லினக்ஸிலும் அது உள்ளடங்கியே கிடைக்கிறது. தட்டச்சே அறியாத ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை முதலிலேயே பழக்கிவிடலாம். ஆசிரியர்களை மாற்றுவதுதான் கடினம்.

பெயர்ப் பட்டியலில் ஒரு மாணவியின் பெயர் கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் ‘இல்லை’ என்கிறது. ஔவை என்ற பெயரை ஒ, ள என்று இரண்டு எழுத்துகளாக யாராவது அடித்திருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலவும் கணினிக்கு வேறாகவும் இருக்கும். கால் குறிக்குப் பதில் ரகரத்தை அடித்திருப்பதும் இதே வகை. பள்ளியின் மாணவர் விவரத் தளமான எமிஸில் பெயரைப் பதியும்போதே இதைக் கவனிக்காவிட்டால், மாற்றுச் சான்றிதழ் வரைக்கும் தொடரும்.

பழைய கணினியில் லதா எழுத்துருவில் நான்கு பக்கமாக இருந்த வினாத்தாள், புதிய கணினியில் ஐந்து பக்கமாக நீண்டால், அங்கே லதா இல்லாமல் நிர்மலா அதன் இடத்தைப் பிடித்திருக்கிறது. விண்டோஸ் 10இல் லதாவும் விஜயாவும் கூடுதல் தமிழ் எழுத்துருக்கள் என்ற விருப்பப் பகுதியில் இருக்கின்றன. அமைப்புகளில் போய்ச் சேர்த்துக்கொள்ளலாம்.

பென்டிரைவில் கோப்புகள் மறைந்து, குறுக்குவழிகள் மட்டும் இருக்கின்றன

அவற்றை இருமுறை சொடுக்காதீர்கள். சொடுக்கினால் வைரஸ் இந்தக் கணினிக்கும் குடிவரும். கோப்புகள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. லினக்ஸ் உள்ள கணினியில் பென்டிரைவைச் செருகினால் எல்லாம் கண்முன் தெரியும். வேண்டியதை நகலெடுத்துவிட்டு பென்டிரைவை முழுவதுமாக அழித்துவிடலாம். 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு, ஒன்றிய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்ததால், பள்ளியில் மீதமிருக்கும் பழைய மடிக்கணினி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

ப்ரொஜெக்டர் பத்து நிமிடத்தில் தானாக அணைகிறது

காற்று வடிகட்டியில் சுண்ணாம்புத் தூள் அடைத்திருக்கிறது. கழற்றித் தூரிகையால் துடையுங்கள். வேலை முடிந்ததும் ஸ்விட்ச்சை உடனே அணைக்காமல் உள்விசிறி நிற்கும்வரை பொறுங்கள்.

‘உங்கள் விண்டோஸுக்கு ஆதரவு முடிந்தது’ என்று வருகிறது

விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் தேதியும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியும் பொது ஆதரவு முடிந்துவிட்டது. கணினி ஓடும், பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக வரா. விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணினிகளைக் கழித்துக்கட்ட வேண்டியதில்லை. பக்கத்து மாநிலமான கேரளத்தில் அம்மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப அமைப்பான கைட் நிறுவனம், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு தானே தொகுத்த லினக்ஸைப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டியைப் பொருத்தி, லினக்ஸை நிறுவினால் ஒரு பழைய கணினி இன்னும் சில ஆண்டுகள் வகுப்புக்கு உதவும். ஆனால் அரசுக் கணினியில் இதைச் செய்யும் முன் எழுத்துமூலம் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் ஆய்வகம் பூட்டியிருக்கிறது

இதையும் பழுதாகவே பதிய வேண்டும். அறிகுறி: விசைப்பலகைகள் புத்தம் புதிதாக இருக்கும், அவற்றின் மேல் போர்த்திய துணி மட்டும் நிறம் மங்கியிருக்கும். காரணத்தைப் பெரும்பாலும் இருப்புப் பதிவேட்டில் காணலாம். ஒரு மவுஸ் காணாமற்போனாலும் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் பொறுப்பாசிரியர். பயன்படுத்தாமல் விட்டதற்கு அவரை யாரும் கேட்பதில்லை. எனவே பூட்டுவதே அவருக்குப் பாதுகாப்பு. அவரைக் குறைசொல்வதால் கதவு திறக்காது. உடைந்த பொருளை உடைந்த அன்றே, எந்தப் பாடவேளையில் எப்படி உடைந்தது என்று எழுதி, தலைமையாசிரியர் கையொப்பமிடும் பழுதுப் பதிவேடு ஒன்றைத் தனியே தொடங்குங்கள். பயன்பாட்டில் நேர்ந்த சேதம் என்று எழுத்தில் இருந்தால் தணிக்கையில் விளக்குவது எளிது. எமிஸ் பதிவுக்கும் இணையவழித் தேர்வுகளுக்கும் ஆய்வகம் பிடிக்கப்படும் நாட்களைக் காலஅட்டவணையில் முன்கூட்டியே குறித்து, எஞ்சிய பாடவேளைகளை வகுப்புவாரியாகப் பெயரிட்டு ஒட்டுங்கள். பெயரில்லாத பாடவேளை யாருக்கும் உரியதல்லாமல் போய்விடும். சாவியில் இன்னொரு படி எடுத்து, பொறுப்பாசிரியர் விடுப்பில் இருக்கும் நாளில் யார் கையில் இருக்கும் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.